மலைக்கு என்றால் எங்கே?

என் அக்காவுக்குத் திசை தெரியாது. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு கடைக்குள் முன்வாசல் வழியாகப் போய்ப் பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தால் போதும், அவளுக்கு ஊரே மாறிவிடும். "இந்தத் தெரு எப்படிடீ இங்க வந்துச்சு?" என்று என்னைக் கேட்பாள், ஏதோ நான்தான் தூக்கிக்கொண்டு வந்து போட்ட மாதிரி. இடது வலது சொன்னாலும் விளங்காது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவளுக்கு வலது என்றால் சக்கரப் பக்கம், இடது என்றால் ஊசிப் பக்கம். வாடகைக் காரில் ஏறினாலும் டிரைவரிடம் "அடுத்த முனையில சக்கரப் பக்கம் திருப்புங்க" என்பாள். அந்த மனிதர் எந்தச் சக்கரம் என்று தெரியாமல் கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். நான் வெளியே வேடிக்கை பார்ப்பேன்.

அப்படிப்பட்டவள்தான், மலையில் மேப்பும் காம்பஸும் வைத்து வழி கண்டுபிடிக்கிற பயிற்சியில் சேர்ந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அதோடு விட்டாளா? அங்கே ஜோடியாகத்தான் சேர்ப்பார்களாம். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள்.

"நான் எதுக்கு? எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது" என்றேன்.

"வேற யாரைக் கூப்பிடுறது? உனக்கு என்ன வேலை?"

எனக்கு என்ன வேலையா? எங்கள் கடையில் ஆஸ்பத்திரிக் கோட்டு, பள்ளிச் சீருடை எல்லாம் தைக்கிறோம். அக்கா வெட்டுவாள், தைப்பாள், அளவெடுப்பாள், வாடிக்கையாளர்களிடம் நல்ல பெயர் வாங்குவாள். ஓரம் அடிப்பது, பட்டன் ஓட்டை போடுவது, இஸ்திரி போடுவது, கடையைக் கூட்டுவது எல்லாம் நான். எனக்கு என்ன வேலை என்கிறாள்.

அவள் ஏன் அப்படி நின்றாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும், பரவாயில்லை.

மாமா, அதாவது அக்காவின் கணவர், குடிநீர்க் குழாய் பார்க்கிறவர். எங்கள் ஊருக்கு மலையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. அந்தக் குழாய்களைத் தினமும் நடந்து பார்த்து, கசிகிற இடத்தை அடைத்து, வால்வுகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. நல்ல உழைப்பாளி. குடி கிடையாது, சீட்டு கிடையாது. வாயைத் திறப்பதும் கிடையாது. காலையில் அவர் பூட்ஸ் மாட்டும்போது அக்கா கேட்பாள்.

"இன்னிக்கு எங்க போறீங்க?"

"மலைக்கு."

"மலைக்குன்னா எங்க?"

"சொன்னா மட்டும் உனக்குப் புரியவா போகுது?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பேச்சுதான். மலை என்ன, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற குளியலறையா? ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் இறங்கவே ஒரு பகல் ஆகிற மலை. ஆனாலும் அக்கா அதற்கு மேல் கேட்டதில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாமா திரும்பி வரவில்லை. போன் எடுக்கவில்லை. மலையடிவாரத்தில் தேடுதல் குழுவுக்கு ஒரு அறை உண்டு. நானும் அக்காவும் அங்கே போய் உட்கார்ந்தோம். குழுவின் தலைவர் மரியாதையான மனிதர். அக்காவுக்கு நாற்காலி போட்டுவிட்டுக் கேட்டார்.

"இன்னிக்கு எந்தப் பக்கம் போறேன்னு ஏதாவது சொன்னாரா?"

"மலைக்குன்னு சொன்னாரு" என்றாள் அக்கா.

அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் திட்டுவதற்காவது ஆள் கிடைத்திருக்கும். தலைவர் மேஜைமேல் பெரிய மேப்பை விரித்து, பேனாவால் ஒரு கோட்டைக் காட்டி, "பெரிய குழாய் போற வழி முழுக்கப் பாத்துட்டோம்மா, இனி இந்தப் பக்கம் பாக்கணும்" என்றார். அக்கா தலையாட்டினாள். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. நானும் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்து அக்கா எழுந்து, தானும் கூட வருகிறேன் என்றாள். மலைப் பயிற்சியில் தேறி அட்டை வாங்காத யாரையும் தேடுதல் நேரத்தில் மலை கேட்டுக்கு அந்தப் பக்கம் விடமாட்டார்களாம். அவள் திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மறுநாள் மதியம் மாமா கிடைத்தார். பெரிய குழாய்ப் பக்கமே போகவில்லை மனிதர். யாரிடமும் சொல்லாமல் ஒரு கிளைக் குழாய் வழியாகப் போய், வழுக்கி விழுந்து, காலை முறித்துக்கொண்டு, ஒரு பள்ளத்தில் நனைந்து கிடந்திருக்கிறார். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் உயிரோடு பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். எலும்பு கூடிய பிறகு வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. "இனிமே எங்க போறேன்னு சொல்லிட்டுப் போங்க" என்று மட்டும் கேட்டாள்.

காலில் மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு மாமா சொன்னார்: "சொன்னா மட்டும் உனக்குப் புரியவா போகுது?"

நானாக இருந்தால் இன்னொரு காலையும் முறித்திருப்பேன். அக்கா துண்டை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியே போனாள். அந்த வாரமே பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாள். மாமா மறுபடி பூட்ஸ் மாட்டுவதற்குள் அட்டை வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. அடுத்த தடவை யாராவது எந்தப் பக்கம் என்று கேட்டால் அவளிடம் பதில் இருக்க வேண்டும். தேடப் போகிறவர்களோடு அவளும் போக வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என்னை ஏன் இழுத்தாள் என்பதுதான் என் வழக்கு.

தீயணைப்பு நிலையத்து மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தவள் தீயணைப்பு வீராங்கனை, எங்களைவிடப் பல வயது சிறியவள். எந்நேரமும் கழுத்தில் விசில் தொங்கும். அதனால் நாங்கள் அவளுக்கு விசிலம்மா என்று பெயர் வைத்தோம். அவள் மேப்பை விரித்து, அதில் வளைந்து வளைந்து ஓடுகிற பழுப்புக் கோடுகளைக் காட்டினாள். ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்துப் போட்ட கோடுகளாம். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் லேசான சரிவு. எனக்கு அது சிக்கிப்போன நூல்கண்டாகத்தான் தெரிந்தது. அக்கா ஒரே பார்வையில், "துணியில சுருக்கு வச்ச மாதிரி. நெருக்கிப் பிடிச்சா மேடு தூக்குது" என்றாள். விசிலம்மா அசந்துபோய்ப் பார்த்தாள். நானும் கொஞ்சம் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமையைக் கடைக்கு வந்ததும் வாபஸ் வாங்கினேன். மேப்பைக் கொண்டுவந்து கடையில் வெட்டுகிற மேஜைமேல் விரித்துவிட்டாள். நான் ஒரு பட்டன் ஓட்டையை முடிப்பதற்குள், "ஏண்டி, இது பள்ளமா திட்டா?" என்பாள். இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தால், "இந்த ஓடை எந்தப் பக்கமா ஓடும், சொல்லு" என்பாள். அளவு கொடுக்க வந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியின் தோளில் டேப்பை வைத்தபடியே மேப்பை எட்டிப் பார்த்து, இடுப்பளவுக்குப் பதிலாக ஒரு சின்ன மேட்டின் உயரத்தைச் சொன்னாள். நானும் எழுதிக்கொண்டேன். கோட்டு தைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது. அதை மூன்று நர்ஸ்கள் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம். பிரித்துத் தைத்தது யார்? நான்தான்.

மேப் அவளுக்கு வந்துவிட்டது. காம்பஸ்தான் உயிரை வாங்கியது.

மழையால் மைதானத்துப் பயிற்சி நடக்கவில்லை. வகுப்பிலேயே காம்பஸை மேஜையில் வைத்து, எட்ட நின்று பார்த்துப் படித்தோம். போக வேண்டிய இடத்தை நோக்கி மேப்பில் காம்பஸின் ஓரத்தை வைக்க வேண்டும். வட்டத்தைத் திருப்பி மேப்பின் வடக்கோடு பொருத்த வேண்டும். பிறகு கையில் எடுத்து மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முள் வட்டத்துக்குள் அதற்கென வரைந்திருக்கிற கூட்டுக்குள் வந்து நிற்கிறவரை நம் உடம்பைத் திருப்ப வேண்டும். அப்போது முன்னால் இருக்கிற அம்பு காட்டுவதுதான் வழி. இவ்வளவுதான் விஷயம். எனக்கே புரிந்தது.

முதல் தேர்வு நாளன்று நல்ல குளிர். எல்லோரும் முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தோம். காட்டுக்குள் ஆங்காங்கே வெள்ளைக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக் கடைசிக் கம்பத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒருத்தி மேப் பிடிக்க வேண்டும், ஒருத்தி காம்பஸ் பிடிக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது. அக்கா காம்பஸைப் பறித்துக்கொண்டாள்.

வகுப்பில் துறுதுறுவென்று ஆடிய முள், அவள் கையில் சோம்பேறித்தனமாக நகர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"பாத்தியா, என் கையில எவ்வளவு அடக்கமா இருக்குன்னு" என்றாள்.

அந்த அடக்கமான முள்ளை நம்பி நடந்தோம். கம்பம் வரவில்லை. முள் புதர் வந்தது, சேறு வந்தது, என் செருப்பு வார் அறுந்தது. நான், "அக்கா, மேப்புல இந்நேரம் இறக்கம் வரணும், நாம ஏறிட்டே இருக்கோம்" என்றேன். "மேப்பு பழசா இருக்கும்" என்றாள். மலை என்ன போன வருஷம் ஒரு மாதிரியும் இந்த வருஷம் ஒரு மாதிரியுமா இருக்கும்? கடைசியில் ஒரு கோழிப் பண்ணையின் பின்பக்கம் போய் நின்றோம். பண்ணைக்காரர் எங்களைக் கோழி திருட வந்தவர்கள் என்று நினைத்தார். அவரிடம் அக்கா, வெள்ளைக் கம்பம் எங்கே என்று அதட்டிக் கேட்டாள்.

விசிலம்மா எங்களை ஜீப்பில் வந்து அழைத்துக்கொண்டு போனாள். எல்லோர் முன்னாலும் அக்காவைக் காம்பஸ் பிடிக்கச் சொன்னாள். பிடித்தது சரி, வட்டம் திருப்பியது சரி, ஆனால் முள் மட்டும் வடக்கை விட்டு எங்கேயோ பார்த்தது. வேறு காம்பஸ் கொடுத்தாள். அதுவும் அப்படியே. அதே காம்பஸை என் கையில் கொடுத்தாள். ஒழுங்காக வடக்கைக் காட்டியது. விசிலம்மா தாடையைச் சொறிந்தாள்.

"அக்கா, கொஞ்சம் ஸ்வெட்டர் கையை மேல தூக்குங்க."

தூக்கினாள். மணிக்கட்டில் பட்டை. குண்டூசி குத்திவைப்பதற்காகத் தையல்காரர்கள் கட்டிக்கொள்கிற காந்தப் பட்டை. அதன்மேல் முள்ளம்பன்றி மாதிரி ஊசிகள். குளிக்கிற நேரம் தவிர அதை அவள் கழற்றுவதே இல்லை. அது அவள் கையில் இருப்பதே என் கண்ணுக்குத் தெரியாமல் போய் வருஷக்கணக்காகிறது. காம்பஸ் பாவம், பக்கத்தில் இவ்வளவு பெரிய காந்தம் இருக்கும்போது வடக்கை எப்படிப் பார்க்கும்?

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரிக்க ஆரம்பித்து, அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த தேர்வு எப்போது என்று கேட்டாள். மாமா ஊன்றுகோலை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்திருந்தார். அந்தத் தேர்வு முடிந்த மறுநாள் அவர் வேலையில் சேர வேண்டும்.

இரண்டாவது தேர்வன்று காலையில், போலீஸ்காரர் திருடனைச் சோதிப்பது மாதிரி நான் அவளைச் சோதித்தேன். பட்டையைக் கழற்றியிருந்தாள். சட்டைப் பையில் சின்னக் கத்தரிக்கோல் இருந்தது. "இது எதுக்கு?" என்றால், "நூல் கீல் தொங்கினா?" என்றாள். மலையில் யாருக்கு நூல் தொங்குகிறது? இன்னொரு பையிலிருந்து, மெஷினில் அடிநூல் மாட்டுகிற இரும்பு பாபின் பெட்டி வந்தது. எல்லாவற்றையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் வாசல்படி இறங்கவிட்டேன்.

முதல் கம்பங்கள் சுலபமாகக் கிடைத்தன. கடைசிக் கம்பத்துக்குப் புறப்பட்டபோது மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எங்களுக்கு ஊசிப் பக்கம் ஒரு நல்ல ஒற்றையடிப் பாதை கீழே இறங்கியது. சக்கரப் பக்கம் புதர், ஏற்றம்.

"பாதை இருக்கு பாரு, அதுல போலாம்" என்றேன்.

"முள்ளு அங்க காட்டலை."

"இவ்வளவு நல்ல பாதையை யாராவது சும்மா போட்டிருப்பாங்களா?"

"யாரு போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. எங்க போகுதுன்னும் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் கால் வலித்தது, பசித்தது, பயமாகவும் இருந்தது. அவள் அறிவைப் பற்றி, அவள் புருஷனைப் பற்றி, என்னைச் சேர்த்துவிட்ட நாளைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. மேப்பை என் கையில் விரித்துவைத்து, "இந்தப் பாதை இறங்கி எங்க முடியுது பாரு, கோடெல்லாம் எப்படி நெருங்கியிருக்கு" என்றாள். பார்த்தேன். நெருக்கிப் பிடித்த சுருக்கு. பாதை ஒரு செங்குத்துப் பள்ளத்தின் உதட்டில் போய் நின்றது.

"இவரும் இப்படித்தான் ஒண்ணை நம்பி இறங்கியிருப்பாரு" என்றாள் அக்கா.

மேப்பை மடித்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். புதருக்குள் ஏறினோம். அவள் முன்னால் ஒரு மரத்தைப் பார்த்து வைத்து, அதுவரை போய், மறுபடி காம்பஸைப் பார்த்து, அடுத்த மரம் வரை போவாள். கடைசியில் பனிக்குள்ளிருந்து வெள்ளைக் கம்பம் என் முழங்காலில் முட்டியது. உண்மையிலேயே முட்டியது, தடம் இன்னும் இருக்கிறது. அக்கா அந்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவளை இழுத்துக்கொண்டு வருவதே பெரும் பாடாகிவிட்டது.

இரண்டு பேருக்கும் அட்டை கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வருகிற வழி முழுக்க, "வடக்கு அங்க, நாம மேற்க போறோம்" என்று அவள் விடாமல் சொன்னதை யார் கேட்பது?

மறுநாள் காலை நானும் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மாமா பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு மேப்பை விரித்தாள். பென்சிலைப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னிக்கு எங்க போறீங்க?"

"மலைக்கு."

"எனக்கு இப்போ புரியும். இதுல காட்டுங்க."

"நேரமாச்சு, விடு."

"காட்டிட்டுப் போங்க."

"என்ன பெரிய மேப்பு! நான் எத்தனை வருஷமா நடக்குறேன், எனக்குத் தெரியாத மலையா? அட்டை வாங்கிட்டா பெரிய ஆளா நீ?" என்று கத்தினார். அக்கா நகரவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றாள். மாமா வேறு வழியில்லாமல் மேஜைக்கு வந்தார். மேப்பைத் தன் பக்கம் இழுத்தார். விரலை ஓர் இடத்தில் வைத்தார், எடுத்தார், இன்னொரு இடத்தில் வைத்தார். விரல் ஏரியைத் தாண்டி, அடுத்த ஊர்ப் பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டது. மேப்பை அவர் தலைகீழாக வைத்திருந்தார்.

எனக்கு விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. மனிதருக்கு மேப் பார்க்கத் தெரியாது. ஒரு நாளும் தெரிந்ததில்லை. எங்கே போகிறோம் என்று அவர் காலுக்குத்தான் தெரியும், வாயால் சொல்லத் தெரியாது. அதை மறைக்கத்தான் இத்தனை வருஷமும் "உனக்குப் புரியவா போகுது" என்று அவள் தலையில் கட்டியிருக்கிறார். அதை நம்பி அவளும் தன்னை மக்கு என்றே நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். நறுக்கென்று கேட்க எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிக்கொண்டேன்.

அவள் மேப்பை நேராகத் திருப்பி வைத்தாள்.

மாமாவின் காது சிவந்துவிட்டது. குனிந்து அந்தக் கோடுகளைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னிக்கு நான் விழுந்தேனே, அது இதுல எங்க இருக்கு?"

அக்கா தேடவே இல்லை. விரலை நேராகக் கொண்டுபோய் வைத்தாள். அந்த இடத்தில் மட்டும் காகிதம் பளபளப்புப் போய், தேய்ந்து, மெலிந்திருந்தது. கடையில் நான் இல்லாத நேரத்தில் எத்தனை தடவை அதைத் தொட்டுப் பார்த்தாளோ.

"இது நீங்க" என்றாள். கட்டைவிரலைப் பக்கத்தில் ஊன்றினாள். "இது நான் உட்கார்ந்திருந்த அறை."

இரண்டு விரலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இவ்வளவு பக்கத்துலயா?" என்றார் மாமா.

"பக்கம்தான். யாருக்கும் தெரியலை."

எனக்குப் பாவமாக இருந்தது. அந்த மனிதர் மேல் இருந்த கோபமும் போகவில்லை, இரண்டும் சேர்ந்தே இருந்தது. மாமா நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்ஸின் கயிற்றைத் தளர்த்திவிட்டுக்கொண்டார்.

"முதல்ல பெரிய தொட்டிக்குப் போவேன்" என்று ஆரம்பித்தார். "அங்கேருந்து ஓடையைத் தாண்டினா ஒரு வழுக்குப் பாறை வரும். நான் சொல்லச் சொல்ல நீ இதுல கோடு போட்டுக்கோ."